நடுவில் நிற்கும் பெண்கள்: எலைன் பிராடி அம்மையாரின் முதுமை ஆய்வுகள்

'மூத்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்த சொற்கள் தமிழில் இரு திசைகளில் செல்கின்றன. மூப்பு என்றால் உடல் தளர்ச்சி; மூப்பர் என்றால் ஊர்த் தலைவர். தளர்ச்சியும் தலைமையும் ஒரே சொற்குடும்பத்தில் வாழ்வது நம் மொழியின் பண்பாட்டைக் காட்டும். முதியோரைப் பேணுதல் நம்மிடையே என்றும் அறமாகவே பேசப்பட்டு வந்துள்ளது.

அறமாகப் பேசப்படும் ஒன்றை அளந்து பார்க்கலாமா? பேணுகின்றவர் யார், நாள்தோறும் எத்தனை மணி நேரம், எந்த வேலையை விட்டுவிட்டு என்றெல்லாம் வினவலாமா? வினவலாம் என்பது மட்டுமன்று, வினவியே ஆகவேண்டும் என்று காட்டியவர் அமெரிக்கச் சமூகப்பணியாளர் எலைன் பிராடி அம்மையார் (1922–2014). அவருடைய ஆய்வு வாழ்க்கையையும், அதில் அவர் கண்டறிந்த உண்மைகளையும் மாணவர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொண்டும் தொழிலும்

சமூகத் தொண்டு வேறு, சமூகப்பணி வேறு. பசித்தவர்க்கு உணவளிப்பது தொண்டு. அவர் ஏன் பசித்திருக்கிறார், அவர் குடும்பத்தின் நிலை யாது, அவர் தம் காலில் நிற்பதற்கு எத்தகைய உதவி எவ்வளவு காலத்திற்குத் தேவை என்று முறைப்படி ஆராய்ந்து செயற்படுவது சமூகப்பணி. தொண்டிற்கு இரக்கம் போதும். சமூகப்பணிக்கு இரக்கத்தோடு பயிற்சியும் வேண்டும்.

இப்பயிற்சிக்கான முதல் வகுப்பு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1898இல் கோடைக்கால வகுப்பாகத் தொடங்கியது. மேரி ரிச்மண்ட் அம்மையார் 1917இல் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' என்னும் நூல் இத்துறைக்கு ஆய்வு முறையை வகுத்துத் தந்தது. இந்தியாவில் 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி உருவாயிற்று.

முதுமையை ஆராயும் துறையாகிய முதுமையியல், சமூகப்பணியைவிடச் சற்றே இளையது. அமெரிக்க முதுமையியல் கழகம் 1945இல் அமைந்தது. முதியோர் மருத்துவம் நோயைப் பார்க்கும். முதுமையியலோ நோயோடு வீடு, வருவாய், உறவு, தனிமை ஆகிய அனைத்தையும் பார்க்கும். இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடத்தில்தான் பிராடி அம்மையாரின் வாழ்நாட் பணி அமைந்தது.

பிலடெல்பியாவில் ஓர் இல்லம்

நியூயார்க்கில் பிறந்த பிராடி, அந்நகரின் சிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1950களின் பிற்பகுதியில் பிலடெல்பியா முதியோர் மையத்தில் பணிக்குச் சேர்ந்தார். முனைவர் பட்ட ஆய்வின் வழியாக அன்றி, இல்லத்தில் சேர வந்த முதியோரிடமும் அவர்களை அழைத்து வந்த பிள்ளைகளிடமும் நாள்தோறும் பேசிய பட்டறிவின் வழியாகவே அவர் ஆய்வுலகில் நுழைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த மையத்தைப் பற்றியும் இங்கு ஒரு சொல். பிலடெல்பியாவில் சிறுபான்மையினராக வாழ்ந்த யூதர்கள் தங்கள் சமுதாய முதியோர்க்காக நடத்திய இல்லம் அது. இல்லம் நடத்துவதோடு நின்றுவிடாமல் அதனுள்ளேயே ஓர் ஆய்வுப் பிரிவையும் அவர்கள் வளர்த்தனர். உளவியல் அறிஞர் பவெல் லாட்டன் (1923–2001) அப்பிரிவிற்கு வழிகாட்டினார். ஒரு சமுதாயம் தன் முதியோர்க்காகத் தொடங்கிய முயற்சி, உலகத்து முதியோர் அனைவர்க்கும் பயன்படும் அறிவாக விரிந்தது. சமுதாய நிறுவனங்களை நடத்தும் பெரியோர் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது.

எட்டு வினாக்கள்

முதியவர் ஒருவர் தனித்து வாழ இயலுமா, இயலாதா? குடும்பத்தாரிடம் கேட்டால் ஒருவர் இயலும் என்பார். மற்றொருவர் இயலாது என்பார். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வார். ஆனால் அப்பெயர் இவ்வினாவிற்கு விடையாகாது. சர்க்கரை நோயுள்ள இருவரில் ஒருவர் கடைவீதிக்குச் சென்று வருவார். மற்றவர் படுக்கையை விட்டு எழமாட்டார்.

இதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. சிட்னி காட்ஸ் என்னும் மருத்துவர் குழுவினரோடு இணைந்து 1963இல் ஓர் அளவையை வெளியிட்டார். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறும் அதில் அடங்கின. உடலைப் பேணும் அடிப்படைச் செயல்கள் இவை. ஆயினும் இவ்வாறையும் செய்ய வல்ல ஒருவர் தனித்து வாழ்ந்துவிட இயலாது. வேளை தவறி மருந்துண்டால் உயிருக்கு ஊறு. கணக்கு மறந்தால் கையிருப்பிற்கு ஊறு.

இக்குறையை நிரப்பும் வண்ணம் லாட்டனும் பிராடியும் 1969இல் ஓர் அளவையை வகுத்தனர். தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குச் சென்று பொருள் வாங்குதல், சமைத்தல், வீட்டைத் துப்புரவாக வைத்தல், துணி வெளுத்தல், வெளியே போய் வருதல், தம் மருந்தைத் தாமே பொறுப்பாக உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என எட்டுச் செயல்கள் அதில் இடம் பெற்றன. ஒவ்வொன்றிலும் முதியவர் எந்த அளவிற்குத் தாமே இயங்குகிறார் என்று குறித்தால், அவருக்கு எந்த உதவி தேவை, எது தேவையில்லை என்பது புலனாகும். சில நிமிடங்களில் கேட்டு முடிக்கக்கூடிய இவ்வினாக்கள் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளிலும் ஆய்வுகளிலும் வழங்குகின்றன.

அந்த அளவையில் இன்று நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒரு கூறு உண்டு. பெண்கள் எட்டுச் செயல்களிலும் மதிப்பிடப்பட்டனர். ஆண்களோ ஐந்தில் மட்டும் மதிப்பிடப்பட்டனர். சமையல், வீட்டுத் துப்புரவு, துணி வெளுத்தல் ஆகிய மூன்றும் ஆண்களுக்கு நீக்கப்பட்டன. அக்காலத்து முதிய ஆண்கள் அவற்றை வாழ்நாளில் செய்து பழகாதவர்கள். செய்து பழகாத ஒன்றைச் செய்ய இயலவில்லை என்று கணக்கிடுவது பொருந்தாது என்பதே காரணம். பிற்காலத்தில் இருபாலார்க்கும் எட்டையும் கேட்பதே முறை எனப்பட்டது. எனினும் அந்த மூன்று வேலைகளும் யார் தோளில் இருந்தன என்பதற்கு அந்த அளவையே ஒரு சான்றாக நின்றுவிட்டது.

மிகை இயலாமை

மறதி நோயுற்ற முதியோரை, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று ஒதுக்கிவிடுவது அன்று பெருவழக்காக இருந்தது. பிராடியும் உடன் ஆய்வாளர்களும் இதனை ஏற்கவில்லை. நோய் ஒருவரிடமிருந்து எவ்வளவைப் பறிக்கிறதோ அதற்கும் மேலாக அவர் இழந்து நிற்பதை அவர்கள் 'மிகை இயலாமை' என்னும் கருத்தின் வழி ஆராய்ந்தனர்.

எடுத்துக்காட்டாக, நினைவு தவறிய ஒரு மூதாட்டியைக் கருதுவோம். அவர் கால்கள் நலமாகவே உள்ளன. ஆனால் விழுந்துவிடுவாரோ என்று அஞ்சி யாவரும் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்தே தள்ளுகின்றனர். சில திங்களில் அவர் நடப்பதையே மறந்துவிடுகிறார். நினைவை இழந்தது நோயால். நடையை இழந்தது சுற்றியிருப்போரின் எளிதான ஏற்பாட்டால். இவ்விரண்டாவது இழப்பே மிகை இயலாமை.

பிலடெல்பியா மையத்தில் இத்தகைய மூதாட்டியரை ஒவ்வொருவராக ஆராய்ந்து, அவரவர்க்கு ஏற்ற தனிச் சிகிச்சை அளித்தனர். அவ்வாறு கவனிக்கப்பட்டவர்களின் மிகை இயலாமை குறைந்தது என்று 1971இல் வெளியிட்டனர். ஆனால் தனிக் கவனிப்பு நின்ற பின்னர் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை என்பதையும் 1974இல் மறைக்காது எழுதினர். முதியோர் பேணல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் அறச்செயல் அன்று; நாள்தோறும் தொடர வேண்டிய உழைப்பு என்பதை இப்பின்னடைவே தெளிவாக உணர்த்தியது. அவ்வாறாயின், அவ்வுழைப்பைத் தருபவர் யார்? பிராடியின் கவனம் இல்லத்திலிருந்து குடும்பத்தின் பக்கம் திரும்பியது.

'கைவிட்டனர்' என்னும் கட்டுக்கதை

"இக்காலப் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டு முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுகின்றனர்; அக்காலத்தில் இப்படியா இருந்தது?" என்னும் புலம்பலை நாம் நன்கறிவோம். மேலைநாட்டார் இயல்பே அது என்று நம்மவர் சொல்வதும் உண்டு. அமெரிக்கரும் தம்மைப் பற்றி அவ்வாறே நம்பினர்.

கணக்கெடுத்துப் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. 1970களில் அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஐவர் அளவினரே மருத்துவக் கவனிப்பு இல்லங்களில் வாழ்ந்தனர். அவர்களிலும் பலர் துணையை இழந்தோர், பிள்ளைப்பேறு இல்லாதோர். சமூகவியல் அறிஞர் எத்தெல் ஷானஸ் அம்மையார், பிள்ளைகளையுடைய முதியோரில் பெரும்பாலோர் ஒரு பிள்ளைக்கேனும் அருகில் வாழ்வதையும் அடிக்கடி சந்திப்பதையும் ஆய்வுகளின் வழி நிறுவினார். வெட்ட வெட்டத் தலை முளைக்கும் கிரேக்கக் கதைப் பாம்பைப் போல் இக்கட்டுக்கதை சாக மறுக்கிறது என்று அவர் 1979இல் எழுதினார்.

பிராடி இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1900இல் அமெரிக்க மக்களில் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 4 பேர். 1980இல் ஏறத்தாழ 11 பேர். அக்காலத்தில் பெற்றோர் முதிர்ந்து தளரும் வரை வாழ்ந்ததே அரிது. வாழ்ந்தாலும் நீண்ட காலம் நோயில் கிடந்தவர் சிலரே. ஆகவே, இக்காலப் பிள்ளைகளே முற்காலத்தவரைவிட மிகுதியான முதியோர்க்கு, மிகக் கடினமான உதவியை, மிக நீண்ட காலம் அளிக்கின்றனர் என்று 1985இல் வெளியான தம் சொற்பொழிவில் அவர் வாதிட்டார். பெற்றோரைப் பேணும் சுமை அரிதாக நேரும் இடுக்கண் அன்று. நடுவயதில் பெரும்பாலான குடும்பங்கள் கடந்தே தீர வேண்டிய இயல்பான கட்டம் என்பது அவர் முடிபு.

நடுவில் நிற்கும் பெண்கள்

குடும்பம் கைவிடவில்லை என்றால், குடும்பத்தில் யார் கைவிடவில்லை? இவ்வினாவே பிராடியின் புகழை நிலைநாட்டியது. 1981இல் அவர் வெளியிட்ட கட்டுரை, 'நடுவில் நிற்கும் பெண்கள்' என்னும் தொடரை ஆய்வுலகிற்கு அளித்தது. அதே ஆண்டில் டோரதி மில்லர் என்னும் மற்றொரு சமூகப்பணியாளர், இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே அகப்பட்ட பண்டத்தை உவமையாக்கி 'சாண்ட்விச் தலைமுறை' என்று எழுதினார். மில்லரின் தொடர் தலைமுறையைச் சுட்டியது. பிராடியின் தொடரோ பெண்ணைச் சுட்டியது.

அப்பெண் மூன்று வகையில் நடுவில் நிற்கிறாள். வயதால் நடுவில் இருக்கிறாள். பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான தலைமுறையில் இருக்கிறாள். 'வீட்டுக் கடமை பெண்ணுடையது' என்னும் பழைய நெறிக்கும், 'பெண்ணும் பணிக்குச் செல்லலாம்' என்னும் புதிய நெறிக்கும் நடுவிலும் இருக்கிறாள்.

பெண்கள் வேலைக்குச் சென்றால் முதியோர் நிலை என்னாகும் என்னும் அச்சம் அன்று அமெரிக்காவிலும் பரவியிருந்தது. பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்களைப் பிராடி குழுவினர் ஆராய்ந்து 1983இல் எழுதினர். பெற்றோரைப் பேணும் கடமையுணர்வு மூன்று தலைமுறையிலும் உறுதியாகவே இருந்தது. பேத்தியரிடமும் அது தேயவில்லை. வேலைக்குச் செல்லும் மகளின் தாயும், செல்லாத மகளின் தாயும் பெற்ற மொத்த உதவியில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1986இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேலைக்குச் சென்ற மகளிர் உடற்பேணலிலும் சமையலிலும் குறைந்த பகுதியைச் சம்பளத்திற்கு ஆள் அமர்த்தி ஈடுசெய்தனர்.

ஆனால் 1987இல் வெளியான ஆய்வு ஒரு கசப்பான உண்மையை வெளிப்படுத்தியது. தாயைப் பேணியவர்களில், வேலைக்குச் செல்லாத மகளிரில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோர், தாயின் பொருட்டே வேலையை விட்டவர்கள்! வேலையில் இருந்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவினர், நேரத்தைக் குறைக்கலாமா, விட்டுவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்தனர். முதியோர் நிலை தாழவில்லை. தாழாதவாறு தாங்கிய விலையைப் பெண்கள் செலுத்தினர். இவ்வாய்வுகள் அனைத்தையும் திரட்டி அவர் 1990இல் 'நடுவில் நிற்கும் பெண்கள்' என்னும் தலைப்பிலேயே நூலாக்கினார். அதன் இரண்டாம் பதிப்பு 2004இல் வெளிவந்தது.

தீராத கடன்

இத்தனை உழைத்தும் அப்பெண்கள் "நான் போதுமான அளவு செய்யவில்லை" என்றே வருந்தினர். ஏன்? பிராடி தரும் விளக்கம் ஆழமானது. குழந்தைப் பருவத்தில் தாய் நம்மை முழுமையாகத் தாங்கினாள். அதே முழுமையோடு அவளைத் தாங்க வேண்டும் என்று உள்மனம் எதிர்பார்க்கிறது. ஆனால் அது நடவாத செயல். குழந்தை நாளுக்கு நாள் வளர்ந்து சுமை குறையும். முதுமையிலோ நாளுக்கு நாள் தளர்ந்து சுமை கூடும். அந்தக் கடனை ஈடுசெய்யவே இயலாது. ஈடுசெய்ய இயலாமையால் பிறக்கும் குற்றவுணர்வே, "அக்காலத்தில் எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள்" என்னும் கற்பனைக்கு உயிரூட்டுகிறது. கட்டுக்கதை சாகாமல் இருப்பதன் காரணம் இதுவே என்றார் அவர். கடன் தீராது என்று அறிந்தால் கடமை குறைவதில்லை; கடமை செய்பவரின் வருத்தம் குறையும்.

நம் நாட்டை வந்தடைந்த வினாக்கள்

பிராடியின் அளவைக்கும் நமக்கும் நேரான தொடர்பு உண்டு. மும்பையிலுள்ள அனைத்துலக மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பொறுப்பேற்று நடத்திய இந்திய முதுமை நெடுங்கால ஆய்வின் முதற்சுற்று 2017–18இல் நிகழ்ந்தது. 45 வயதும் அதற்கு மேலும் உடைய 72,000 பேருக்கு மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். சமையல், கடைக்குச் செல்லுதல், தொலைபேசி, மருந்து, பணம் என அவர்களிடம் கேட்கப்பட்ட வினாக்கள் 1969ஆம் ஆண்டு அளவையின் வழிவந்தவையே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. ஆகவே இவ்வினாக்கள் நம் வீட்டு வினாக்களும் ஆகும்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 'பிள்ளைகள்' என்னும் சொல்லுள் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைச் சேர்க்கிறது. மருமகளின் பெயர் அதில் இல்லை. ஆனால் நம் வீடுகள் பலவற்றில் கஞ்சி காய்ச்சுபவளும், படுக்கை விரிப்பை மாற்றுபவளும், இரவில் எழுந்து பார்ப்பவளும் அவளே. சட்டம் கடமையை ஒருவர் மீது வைக்கிறது. உழைப்போ வேறொருவர் மீது விழுகிறது.

இதனை நம் இலக்கணமே காட்டிவிடும். "வாப்பாவையும் உம்மாவையும் நாங்கள் வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறோம்" என்று பெருமையோடு சொல்கிறோம். 'நாங்கள்' என்பது தன்மைப் பன்மை. அப்பன்மைக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பெண். முதியோரைப் பேணும் குடும்பத்தைப் புகழ்வது நன்று. அந்தப் பன்மையைப் பிரித்து, அவளுக்கு ஒரு நாளேனும் ஓய்வுண்டா, அவள் உடல்நலம் எப்படி, அவள் விட்டுவிட்ட படிப்போ வேலையோ எது என்று கேட்பது அதனினும் நன்று. மகன்களும் சகோதரர்களும் அந்த எட்டுச் செயல்களில் எவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்வது அதற்கடுத்த படி.

நிறைவாக

பிராடி அம்மையார் ஓய்வு பெற்ற பின்னரும் எழுதுவதை நிறுத்தவில்லை. 2010இல், எண்பத்தேழாம் வயதில், மிக மிக முதியவராக இருப்பது எத்தகையது என்பதை 'உள்ளிருந்து பார்ப்பவரின் பார்வை' என்னும் நிலையிலிருந்து ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அரை நூற்றாண்டு காலம் முதியோரை வினவியவர், இறுதியில் தம்மையே வினவிக்கொண்டார்.

நம் மாணவச் செல்வங்களுள் சமூகப்பணி முதுகலை பயில விழைவோர் முதுமைத் துறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் ஏதுமின்றியே அப்பயிற்சியின் முதற்பாடத்தை இன்றே தொடங்கலாம். வீட்டிலுள்ள பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ அமர்ந்து, அந்த எட்டுச் செயல்களில் எவற்றை அவர் தாமே செய்கிறார் என்று கேளுங்கள். எஞ்சியவற்றைச் செய்பவர் யார் என்று பாருங்கள். பிறகு அவரிடமும் சென்று அமருங்கள்.